கற்பிக்கப் பழகும் இடம்

அமெரிக்காவில் பொறியியல் பி.எச்டி. என்பது ஏறக்குறைய ஐந்தாண்டுப் பயிற்சி. ஆய்வு செய்யவும், கட்டுரை எழுதவும், மாநாட்டு மேடையில் பேசவும் கற்றுத்தருகிறார்கள். ஆனால் பட்டம் வாங்கிக்கொண்டு உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தவர் முதல் வாரமே இளங்கலை மாணவர்கள் நிறைந்த வகுப்பின் முன்னால் நிற்க வேண்டும். அதற்கான பயிற்சி பெரும்பாலான துறைகளின் பாடத்திட்டத்தில் கிடையாது. வேலைக்கு எப்போது விண்ணப்பிப்பது, நேர்முகத்தில் என்ன கேட்பார்கள், சம்பளத்தைத் தவிர வேறு எதையெல்லாம் பேசி வாங்கலாம் என்பதும் எந்தப் பாடத்திலும் வராது. இதெல்லாம் தெரிந்தவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அப்பாவோ அம்மாவோ பேராசிரியராக இருந்தால் வீட்டுப் பேச்சிலேயே காதில் விழுந்துவிடும். நாமக்கல்லிலோ கோவில்பட்டியிலோ பி.இ. முடித்து நேராக அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் வந்து இறங்கியவருக்கு அது தானாகக் காதில் விழாது. அவர் தேடிப் போக வேண்டிய இடங்களில் முதலாவது, ஆசிரியப் பணியை விரும்பும் ஆய்வு மாணவர்கள் தங்களுக்காகத் தாங்களே நடத்தும் அமைப்பு.

இந்த அமைப்புகளில் சேரச் சொல்வது பயோடேட்டாவில் ஒரு வரி கூடும் என்பதற்காக இல்லை. தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வரியை ஒரு நொடியில் தாண்டிப் போய்விடுவார்கள். வகுப்பெடுத்துப் பழகவும், கூச்சமில்லாமல் கேள்வி கேட்கவும் அங்கே இடம் கிடைக்கிறது. அந்த இரண்டுக்காகத்தான் போகச் சொல்கிறேன்.

ஏ.எஸ்.இ.இ. மாணவர் கிளை

1893-இல் சிகாகோவில் உலகக் கண்காட்சி நடந்தபோது, பொறியியல் ஆசிரியர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1946-இல் அது அமெரிக்கப் பொறியியல் கல்விச் சங்கம் என்று பெயர் மாறியது. ஏ.எஸ்.இ.இ. என்றால் வளாகத்தில் எல்லோருக்கும் புரியும். மெக்கானிக்கலுக்கு ஒரு சங்கம், எலக்ட்ரிகலுக்கு ஒரு சங்கம் என்று துறைவாரியாகப் பல சங்கங்கள் இருக்க, பொறியியலை எப்படிக் கற்பிப்பது என்பதையே தன் பொருளாகக் கொண்டது இந்தச் சங்கம். அதனால் இதன் கூட்டத்தில் சிவில் மாணவரும் கம்ப்யூட்டர் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

பல வளாகங்களில் இதற்கு மாணவர் கிளைகள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகக் கிளை அவற்றில் நன்கு அறியப்பட்டது. அந்த வளாகத்தில் கற்பித்தல் குறித்த ஆய்வுக்கும் பயிற்சிக்குமான மையம் 1962-இலேயே தொடங்கியது. பர்டூ, வர்ஜீனியா டெக் இரண்டிலும் 2004-இல் பொறியியல் கல்விக்கென்றே தனித் துறைகள் உருவாயின. அங்கே பொறியியல் கற்பித்தலிலேயே பி.எச்டி. செய்யலாம். அப்படிப்பட்ட துறை இருக்கும் வளாகத்தில் நீங்கள் கெமிக்கலோ ஏரோஸ்பேஸோ படித்தாலும், அந்தத் துறை மாணவர்களைத் தேடிப் போய்ப் பழகுங்கள். கற்பித்தல் பற்றி எது ஆய்வில் நிறுவப்பட்டது, எது வெறும் நம்பிக்கை என்று பிரித்துச் சொல்ல அவர்களால் முடியும்.

கிளையில் சேரப் பெரிய சடங்கு எதுவுமில்லை. ஆகஸ்ட் கடைசியில் செமஸ்டர் தொடங்கும்போது மாணவர் அமைப்புகள் எல்லாம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நாள் வரும். அன்று மின்னஞ்சல் பட்டியலில் பெயர் கொடுத்தால் போதும். சம்பளமில்லாத மாணவர் அமைப்புப் பணி என்பதால் எஃப்-1 மாணவர் விசாவுக்கும் இடைஞ்சல் இல்லை. யாராவது பணம் தருவதாகச் சொன்னால் மட்டும், ஒப்புக்கொள்வதற்கு முன் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

மாதிரி வகுப்பு

கிளை நடத்தும் நிகழ்ச்சிகளில் ஒன்றுக்குத்தான் போக நேரம் இருக்கிறது என்றால் மாதிரி வகுப்புக்குப் போங்கள். அது உங்கள் கிளையில் இல்லையென்றால் நீங்களே தொடங்கி வையுங்கள்.

முறை எளிது. ஒருவர் பதினைந்து நிமிடம் பாடம் நடத்துவார். மற்றவர்கள் இரண்டாம் ஆண்டு இளங்கலை மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் பத்து நிமிடம் கருத்துச் சொல்வார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் வெளிப்படுவது ஏராளம்.

ஸ்டேடிக்ஸ் வகுப்பில் வரும் ஏணிக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வழுவழுப்பான சுவரில் ஏணி சாய்ந்திருக்கிறது, தரையில் உராய்வு இருக்கிறது, ஏணி வழுக்காமல் இருக்க எவ்வளவு உராய்வு வேண்டும் என்பது கேள்வி. நம் ஊர்க் கல்லூரியில் படித்தவர் பலரும் இதை எப்படி நடத்துவார்கள் என்பது நமக்கே தெரியும். பலகைப் பக்கம் திரும்பி, இடது மூலையில் படம் போட்டு, விசைச் சமன்பாடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, விடைக்கு அடிக்கோடிட்டுவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். கணக்கு சரியாக இருக்கும். நடுவில் வகுப்பு எங்கே தவறவிட்டது என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

அதே கணக்கை வேறு விதமாகத் தொடங்கலாம். ஏணியை மட்டும் வரைந்துவிட்டு, “சுவர் ஏணியைத் தள்ளும் விசை எந்தத் திசையில்? உங்கள் நோட்டில் ஓர் அம்புக்குறி போடுங்கள்” என்று சொல்லி நிறுத்துங்கள். ஒரு சிலர் ஏணியின் நீளத்தோடு ஒட்டியே அம்பு போடுவார்கள். வழுவழுப்பான சுவரால் தன் பரப்புக்குச் செங்குத்தாகத்தான் தள்ள முடியும், ஆகவே விசை கிடைமட்டமாக இருக்கும் என்பது அவர்கள் மனதில் இன்னும் பதியவில்லை. அது பதியாதவரை, பின்னால் எழுதும் சமன்பாடுகள் எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்தான். பக்கத்திலிருப்பவரோடு ஒப்பிட்டுப் பேச ஒரு நிமிடம் கொடுத்தால், பாதித் தவறுகள் அங்கேயே திருந்திவிடும். இந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் ஒத்திகை வேண்டும். பாடத்தை நடத்திப் பார்க்காமல், உட்கார்ந்து யோசித்து மட்டும் அதைக் கண்டுபிடிப்பது கடினம்.

கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்குக் கடிகாரப் பொறுப்பைக் கொடுங்கள். நீங்கள் கேள்வி கேட்ட பின், நீங்களே பதில் சொல்லும்வரை எத்தனை நொடி ஆனது என்று அவர் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்பதையும், மூன்று நொடிக்கு மேல் காத்திருந்தால் மாணவர்களின் பதில்கள் நீளமாகவும் பொருளுள்ளதாகவும் மாறுகின்றன என்பதையும் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் 1970-களில் காட்டினார். மூன்று நொடி மௌனம் பலகை முன்னால் நிற்பவருக்கு மிக நீளமாகத் தெரியும். நண்பர்கள் முன்னால் நாலைந்து முறை அதைத் தாங்கிப் பழகினால், பிறகு உண்மையான வகுப்பில் அது தானாக வரும்.

உச்சரிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வெளிநாட்டு மாணவர்கள் டி.ஏ. (கற்பித்தல் உதவியாளர்) ஆவதற்கு முன் பேச்சு ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும் என்று பல பல்கலைக்கழகங்களில் விதி இருக்கிறது. அதனால் நம் மாணவர்கள் பலர் தங்கள் உச்சரிப்பே குறை என்று ஒடுங்கிப்போகிறார்கள். மாதிரி வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்க நண்பரிடம், “எந்தச் சொல் புரியவில்லை?” என்று நேரடியாகக் கேளுங்கள். அநேகமாக நாலைந்து சொற்கள்தான் பட்டியலில் வரும். மற்றபடி வேகமும், பலகையைப் பார்த்துப் பேசுவதும்தான் சிக்கல். இரண்டையும் சில வாரங்களில் சரிசெய்துவிடலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

செமஸ்டருக்கு ஒருமுறையாவது கிளைகள் பேராசிரியர் கலந்துரையாடல் நடத்தும். சாப்பாடு வைத்திருப்பார்கள், மேடையில் மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். அழைக்கும் பொறுப்பு உங்களிடம் வந்தால், பெயர்பெற்ற மூத்த பேராசிரியரைவிட, வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டே ஆனவரைக் கூப்பிடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு முன் வேலை கிடைத்த கதை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் இன்றைய விண்ணப்பத்துக்கு உதவாது.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகத்தவர் மட்டும் வந்தால் படம் பாதிதான். ரோஸ்-ஹல்மன், ஹார்வி மட், ஓலின் போன்ற இளங்கலைக் கற்பித்தலையே முதன்மையாகக் கொண்ட கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே வேலைக்குப் போகிறவரின் வாரம் வேறு, அவரை எடைபோடும் அளவுகோலும் வேறு. நம் மாணவர்களில் பலர் இந்தக் கல்லூரிகளின் பெயரையே கேள்விப்படாமல் பி.எச்டி. முடித்துவிடுகிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. கற்பிப்பதில் மனநிறைவு காணும் ஒருவருக்கு அது மிகப் பொருத்தமான வேலையாக இருக்கலாம்.

“ஆசிரியர் வாழ்க்கை எப்படி இருக்கிறது?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். எத்தனை இடத்துக்கு விண்ணப்பித்தீர்கள், எத்தனை இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்? முதல் ஆண்டில் எத்தனை பாடம் எடுக்கச் சொன்னார்கள்? ஆய்வகம் தொடங்கப் பணம் கேட்டபோது எதையெல்லாம் பட்டியலில் போட்டீர்கள், எதை விட்டுவிட்டீர்கள்? ஆறாம் ஆண்டு வாக்கில் வரும் டென்யூர் (நிரந்தரப் பணி) முடிவில் கற்பித்தலை உங்கள் துறை எப்படி அளக்கிறது? இப்படிக் கேளுங்கள். பெரியவரிடம் இதெல்லாம் கேட்கலாமா என்ற தயக்கம் நம் பிள்ளைகளுக்கு அதிகம். அங்கே கேட்பதை யாரும் அதிகப்பிரசங்கித்தனமாக எடுத்துக்கொள்வதில்லை. கேட்பதற்காகத்தான் அவரை வரவழைத்திருக்கிறார்கள். நாலு பேர் முன்னால் கேட்கக் கூச்சமாக இருந்தால், மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி மின்னஞ்சல் எழுதி, அதில் ஒரே ஒரு கேள்வியை வையுங்கள்.

விண்ணப்பத் தாள்களும் காலக்கணக்கும்

ஆகஸ்ட் முதல் விளம்பரங்கள் வரத் தொடங்கும். கடைசி நாள் பெரும்பாலும் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் விழும். பிறகு காணொளி நேர்முகம். ஜனவரியிலிருந்து வளாகத்துக்கு நேரில் அழைப்பார்கள். வசந்த காலத்தில் முடிவு தெரியும், சேர்வது அடுத்த ஆகஸ்டில். ஆக, வேலையில் சேர்வதற்கு ஒரு வருடம் முன்பே எல்லாத் தாள்களும் தயாராக இருக்க வேண்டும்: முகப்புக் கடிதம், பயோடேட்டா, ஆய்வுத் திட்ட அறிக்கை, கற்பித்தல் அறிக்கை, பரிந்துரைக் கடிதம் தருபவர்களின் பெயர்கள். பரிந்துரைப்பவர்களில் ஒருவராவது உங்கள் வகுப்பை நேரில் பார்த்தவராக இருப்பது நல்லது. கிளை வழியாக அறிமுகமான பேராசிரியரை ஒருநாள் உங்கள் டி.ஏ. வகுப்புக்கு வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இதில் எல்லோரும் திணறுவது கற்பித்தல் அறிக்கையில். “மாணவர்களை ஊக்குவிப்பேன், சிந்திக்கத் தூண்டுவேன்” என்று எழுதிய அறிக்கைகள் மலைபோல் குவிந்து கிடக்கும். மேலே சொன்ன ஏணிக் கணக்கைப் போல ஓர் இடத்தைக் காட்டி, மாணவர்கள் என்ன தவறு செய்தார்கள், நீங்கள் எதை மாற்றினீர்கள், மாற்றிய பின் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதினால் அறிக்கைக்கு உயிர் வந்துவிடும். ஆய்வுச் சான்று காட்ட விரும்பினால், ஸ்காட் ஃப்ரீமன் குழுவினர் 2014-இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் படியுங்கள். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை கேட்ட வகுப்புகளில் தோல்வி விகிதம் 33.8 சதவீதமாகவும், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதமாகவும் இருந்தது. எப்படி ஈடுபடுத்துவது என்பதற்கு, கெமிக்கல் பேராசிரியர் ரிச்சர்ட் ஃபெல்டரும் ரெபெக்கா ப்ரென்டும் 2016-இல் வெளியிட்ட அறிவியல், பொறியியல் கற்பித்தல் கையேட்டைப் பரிந்துரைக்கிறேன். கிளையில் ஒரு வாசிப்புக் குழு வைத்து வாரம் ஓர் அத்தியாயம் என்று படித்தால் ஒரு செமஸ்டரில் முடித்துவிடலாம்.

நன்றாக நடக்கும் கிளைக்கு ஓர் அடையாளம் உண்டு. வேலை கிடைத்துப் போன மூத்தவர்களின் உண்மையான விண்ணப்பத் தாள்கள் அங்கே ஒரு திரட்டாக இருக்கும். உங்கள் கிளையில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதல் கூட்டத்திலேயே விசாரியுங்கள்.

நேரமும் அட்வைசரும்

இரண்டாம் ஆண்டில், தகுதித் தேர்வு முடிந்த கையோடு சேர்வது சரியான சமயம். முதலாண்டில் பாடச்சுமை இருக்கும். ஐந்தாமாண்டில் சேர்ந்தால் கேட்டதைப் பழகிப் பார்க்க நேரம் இருக்காது. பொறுப்பு எடுப்பதென்றால் ஓராண்டுக்கு ஒரு வேலை மட்டும் எடுங்கள். கலந்துரையாடல் ஏற்பாடு செய்வது மிக நல்ல வேலை, ஏனென்றால் பல துறைப் பேராசிரியர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும். ஆய்வேடு எழுதும் ஆண்டில் தலைவர் பதவியை யார் வற்புறுத்தினாலும் ஏற்காதீர்கள்.

ஆய்வை வழிநடத்தும் அட்வைசர்கள் சிலருக்குக் கிளை வேலை பிடிக்காது. கற்பித்தலில் போகும் நேரம் ஆய்விலிருந்து திருடிய நேரம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மறைத்துச் செய்வது பின்னால் மனக்கசப்பில் கொண்டுபோய் விடும். ஆசிரியப் பணிக்குப் போக விரும்புகிறேன், அதற்காக வாரம் இரண்டு மணி நேரம் இதற்குச் செலவிடுகிறேன் என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். மணிக்கணக்கைச் சொல்லும்போது எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். சொன்ன கணக்கைத் தாண்டாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

கிளை இல்லாத வளாகத்தில்

பொறியியல் கல்லூரிகளில் ஏ.எஸ்.இ.இ.க்கென்று வளாகப் பிரதிநிதியாக ஒரு பேராசிரியர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். மாணவர் அமைப்பாகப் பதிவு செய்ய ஆலோசகராக ஒரு பேராசிரியர், ஒரு விதித்தாள், சில பொறுப்பாளர்கள் வேண்டும். பதிவானால் அறை இலவசமாகக் கிடைக்கும், மாணவர் பேரவையிடம் நிதி கேட்கவும் வழி பிறக்கும். ஆனால் பதிவுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஐந்து பேர், ஒரு காலியான வகுப்பறை, மாதம் ஒரு மாதிரி வகுப்பு என்று தொடங்கிவிடுங்கள்.

வெளியிலும் வாய்ப்புகள் உண்டு. ஏ.எஸ்.இ.இ. ஆண்டு மாநாடு ஜூன் மாதம் நடக்கும். அங்கே மாணவர்களுக்கென ஒரு பிரிவும், புதிய ஆசிரியர்களுக்கென ஒரு பிரிவும் தனித்தனியாக உள்ளன. மாநாட்டுக் கட்டுரைகளை இணையத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். 2003-இல் தொடங்கிய சர்ட்டில் என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பு, ஆய்வு மாணவர்களுக்குக் கற்பித்தல் பாடங்களை இணையவழி நடத்திப் படிப்படியாகச் சான்றிதழ் தருகிறது. உங்கள் பல்கலைக்கழகம் அதில் உறுப்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மாணவிகள், 1950-இல் தொடங்கிய பெண் பொறியாளர் சங்கத்தின் வளாகக் கிளைக்கும் போகலாம். எலக்ட்ரிகல், கம்ப்யூட்டர் துறையில் ஆசிரியப் பணியை நாடும் பெண் ஆய்வாளர்களுக்காக எம்.ஐ.டி. 2012-இல் ரைசிங் ஸ்டார்ஸ் என்ற பட்டறையைத் தொடங்கியது. விண்ணப்பித்துத்தான் சேர முடியும் என்றாலும் முயன்று பார்க்கத் தகுந்தது.

ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு

அங்கே பழகியது இங்கேயும் பயன்படும், ஆனால் விதிகள் வேறு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) 2019 விதிப்படி பொறியியல் உதவிப் பேராசிரியராக நுழைய பி.இ., எம்.இ. பட்டங்களும் அவற்றில் ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பும் போதும். ஐ.ஐ.டி.களில் பி.எச்டி. கட்டாயம். அதன் பின் மூன்றாண்டு அனுபவம் இருந்தால் முதல் நிலை உதவிப் பேராசிரியர், அனுபவம் குறைந்தால் இரண்டாம் நிலை என்ற பிரிவும் உண்டு. புதிதாகச் சேரும் பொறியியல் ஆசிரியர்களுக்கு எட்டுப் பகுதிகள் கொண்ட பயிற்சி இருக்கிறது. 1964-இல் தொடங்கிய தரமணி தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் நம் பக்கத்துக் கல்லூரிகளுக்கு நெருங்கிய இடம்.

இந்தியத் தொழில்நுட்பக் கல்விச் சங்கமான ஐ.எஸ்.டி.இ.யின் மாணவர் கிளைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் உள்ளன. 2007-இல் தொடங்கிய ஐ.யு.சி.இ.இ. என்ற கூட்டமைப்பு இந்தியக் கல்லூரி ஆசிரியர்களையும் மாணவர்களையும் வெளிநாட்டுப் பொறியியல் கல்வியாளர்களோடு இணைக்கிறது. 2019 நவம்பரில் உலகப் பொறியியல் கல்வி மன்றத்தின் மாநாடு சென்னையிலேயே நடந்தது. ஆக, தொடர்புகள் ஏற்கெனவே இருக்கின்றன. பல கல்லூரிகளில் ஐ.எஸ்.டி.இ. கிளை என்றால் சிம்போசியம், கட்டுரைப் போட்டி, சான்றிதழ் என்ற அளவில் நின்றுவிடுகிறது. எம்.இ. மாணவர்கள் பலகை முன்னால் நின்று பழகவும், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள் வந்து பேசவும் அதே கிளை போதும். திரும்பி வருகிறவர்கள் முதல் ஆண்டிலேயே அதன் பொறுப்பாசிரியர் வேலையைக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள்.

அங்கேயே தங்குகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை உறுதியான வாரத்தில், உங்கள் கற்பித்தல் அறிக்கையையும் முகப்புக் கடிதத்தையும் கிளையின் திரட்டில் சேர்த்துவிடுங்கள். நிராகரித்த இடங்களுக்கு அனுப்பிய பிரதிகள் இருந்தால் அவற்றையும் சேருங்கள். அடுத்து வருகிறவருக்கு அவைதான் அதிகம் உதவும்.